ஜிப்சம் பேனல் வீடா? பொந்துகளைக் கவனியுங்கள்

சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013-ல் மாதிரி வீடு கட்டிக் காட்டிய கண்ணாடி இழை ஜிப்சம் பேனல், உர ஆலைக் கழிவு ஜிப்சத்தில் வார்க்கப்படுவது. கனம் 124 மி.மீ.; உள்ளே 25 செ.மீ.க்கு ஒரு பொந்து. நிலநடுக்கத்தில் சுவரைக் காப்பது பொந்துக்குள் போகும் கம்பியும் கான்கிரீட்டும்தான். அதனால் பிளிந்த் பீம் (அஸ்திவாரத்துக்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் பீம்) வார்க்கும்போதே பொந்துகளுக்கு நேராகக் கம்பியை நீட்டிவிடுங்கள். பிறகு துளையிட்டுச் செருகுவதெல்லாம் ஒப்பேற்றும் வேலை. ஜல்லி 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம், நடுவில் அடைத்துக்கொள்ளும். 3 மீட்டர் உயரத்தையும் ஒரே மூச்சில் ஊற்றினால் பேனல் உப்பி வெடிக்கலாம். ஒரு மீட்டர் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு, அடுத்தது. இறுகியதும் மரச்சுத்தியால் தட்டிப் பாருங்கள். காலிக்குடம் மாதிரி ஒலித்தால் உள்ளே கான்கிரீட் இறங்கவில்லை. பேனல் உட்காரும் பீமின் மேல் வாட்டர்ப்ரூஃபிங் கட்டாயம், ஈரம் ஏறினால் ஜிப்சம் வலுவிழக்கும்.