பெரிய நாயை மைதானத்துக்கு அழைத்துப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பாலாற்றுப் பக்கம் போனால் பெரிய நாய்களைப் பார்க்கலாம். லாப், ராட்வீலர், ஜெர்மன் ஷெப்பர்ட், எப்போதாவது ஒரு கிரேட் டேன், வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம். சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் பக்கம் இன்னும் வீடு எழும்பாத லே-அவுட் மனைகளிலும் இதே கூட்டம்தான். நம்மூரில் பலருக்கு நாய்ப் பூங்கா என்றால் இதுதான். வசதி உள்ளவர்கள் காரில் ஏற்றிக்கொண்டு பெங்களூரு கப்பன் பார்க்கில் நாய்களுக்கென்று ஒதுக்கிய இடம் வரைக்கும் போய்வருகிறார்கள்.

நாய் பழக்கும் வேலையில் இருப்பதால் இந்தக் கூட்டத்தைத் தொடர்ந்து பார்க்கிறேன். முதல்முறையாகப் பெரிய நாய் வாங்கியவர்கள், தொடக்கத்தில் நான் செய்ததையே அச்சு மாறாமல் செய்கிறார்கள். கழிவை அள்ளிப் போடுங்கள், குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாமல் செய்வதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று: மைதானம் நல்லது. முப்பது நாற்பது கிலோ நாய்க்கு நம் வீடுகளில் காலை வீசி ஓட இடம் கிடையாது. முழு வேகத்தில் ஓடுவதற்கும், தன் அளவுள்ள இன்னொரு நாயோடு கட்டிப் புரள்வதற்கும் மாற்று எதுவும் இல்லை. நன்றாக ஓடிவிட்டு வந்த நாய் அன்றைக்குக் கேட்டைப் பிறாண்டாது, காலிங் பெல் அடித்தால் எகிறாது. பல ஆட்களையும் நாய்களையும் பார்த்துப் பழகிய நாயை டாக்டரிடம் கொண்டுபோவதும் சுலபம். இதெல்லாம் உங்கள் நாய்க்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆறு நாள் சங்கிலி, ஏழாம் நாள் மைதானம்

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வருவது இதைப் பார்த்தால்தான்.

திங்கள் முதல் சனி வரை நாய் கேட்டுக்குப் பின்னால், பைக் நிறுத்தும் இடத்தில், நாலடிச் சங்கிலியில் கிடக்கும். சாப்பாடு அங்கேயே, தூக்கம் அங்கேயே. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் வீட்டுக்காரருக்கு மனசு உறுத்தும். பாவம், ஓடட்டும் என்று ஆற்று மணலுக்குக் கொண்டுவந்து கொக்கியைக் கழற்றிவிடுவார். அன்பினால் செய்வதுதான்.

அந்த நாயைக் கிட்டே போய்ப் பாருங்கள். கழுத்துப் பட்டைக்கு அடியில் முடி உதிர்ந்து தோல் கறுத்திருக்கும். கொக்கி கழன்றதும் ஒரு வட்டம் ஓடும், அடுத்து அதைவிடப் பெரிய வட்டம். காது பின்னால் படிந்திருக்கும், பின்கால் மணலை வாரி இறைக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் ஏறாது. ஏறாததில் ஆச்சரியமும் இல்லை. ஆறு நாளும் அந்தப் பெயரை அது அதட்டலோடு மட்டுமே கேட்டிருக்கிறது. கட்டிப் போட்ட நாயைக் கூப்பிட வேண்டிய அவசியமே வராது. அதனால் கூப்பிட்டால் வர வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லித் தந்ததும் இல்லை.

ஒரு தை மாதக் காலையில் இப்படித்தான் ஒரு தம்பி ராட்வீலரோடு வந்தார். ஒன்றரை வயது நாய், நல்ல வளர்த்தி. கொக்கியில் கை வைத்தபோது சொன்னேன்: "தம்பி, கயிறோட விடுங்க. ஆடு இறங்குற நேரம்."

"ஒண்ணும் பண்ணாதுண்ணா. வீட்ல குழந்தைங்ககூட நல்லா விளையாடும்."

கழற்றிவிட்டார். கொஞ்ச நேரத்தில் கரையிலிருந்து ஆடுகள் இறங்கின, பின்னால் கையில் கோலோடு ஒரு அம்மா. அந்த நாய் அதுவரை ஆட்டைப் பார்த்திருக்குமா என்பதே சந்தேகம். விளையாடலாம் என்றுதான் கிட்டே போனது என்று நினைக்கிறேன். ஆடுகள் மிரண்டு ஓடின. எதிரே ஒன்று ஓடினால் துரத்துவது நாயின் ரத்தத்தில் இருப்பது. அதற்குப் பிறகு அங்கே விளையாட்டு இல்லை. பின்தங்கிய ஓர் ஆட்டின் தொடையைக் கவ்விவிட்டது. தம்பி கத்திக்கொண்டே பின்னால் ஓட ஓட, தானும் வேட்டைக்கு வருகிறார் என்பதுபோல அது இன்னும் இறுக்கிப் பிடித்தது. அந்த அம்மா பயப்படாமல் நடுவில் நின்று கோலைத் தரையில் அடித்துக்கொண்டு, "டேய், புடிடா உன் நாயை, புடிடா" என்று அலறினார். இரண்டு பேராகப் பின்காலைத் தூக்கி இழுத்துத்தான் பிரித்தோம்.

ஆடு பிழைக்கவில்லை. தம்பி அங்கேயே காசை எடுத்து நீட்டினார். "காசு கிடக்கட்டும்டா. சினை ஆடுடா அது" என்றார் அந்த அம்மா. வாங்கிக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று.

என் ஆத்திரம் அதோடு முடியவில்லை. நாய் வெறிபிடித்தது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அதன் பிறகு அதை வெளியிலேயே கொண்டுவரவில்லை. ஆறு நாள் சங்கிலி ஏழு நாளாகிவிட்டது.

ஆடு வராத இடத்திலும் இந்தப் பழக்கத்துக்கு விலை உண்டு. நாயின் பின்கால் முட்டிக்குள் மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் பிடித்து நிறுத்தும் ஜவ்வு ஒன்று இருக்கிறது. வாரம் முழுக்க அசையாமல் கிடந்தால் தொடைச் சதை தளர்ந்துவிடும். அந்த உடம்போடு திடீரென்று கால் புதையும் மணலில் முழு வேகத்தில் ஓடி, சட்டென்று திரும்பினால் அந்த ஜவ்வு கிழியலாம். லாப், ராட்வீலர் இரண்டுக்குமே இதில் ஆபத்து அதிகம். கிழிந்தால் நாய் பின்காலை ஊன்றாமல் நொண்டும். பெரிய நாய்க்குப் பெரும்பாலும் ஆபரேஷன் வரை போகும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதென்றால் இங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஓய்வு. ஒரு காலில் கிழிந்த நாய்க்கு அடுத்த காலிலும் கிழிவது சாதாரணம்.

சரி, என்னதான் செய்வது? தினமும் காலை அரை மணி, மாலை அரை மணி லீஷோடு நடை. இது முதல் வேலை. அடுத்து, கூப்பிட்டால் வரப் பழக்குவது. வீட்டுக்குள் தொடங்குங்கள், பெயரைச் சொல்லி "வா" என்றதும் வந்தால், வேகவைத்த சிக்கன் ஒரு துண்டு. அங்கே தவறாமல் வந்தால் மொட்டை மாடி, அப்புறம் ஆளில்லாத தெரு. அதற்குப் பிறகுதான் மைதானம், அதுவும் பத்து மீட்டர் பருத்திக் கயிற்றில். கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டாமல், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில் கட்டுங்கள். ஓடி முடியும் இடத்தில் வெட்டி இழுத்தால் கழுத்து தாங்காது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. நாற்பது கிலோ இழுத்தால் விரல் முறியும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கூப்பிட்டால், கூப்பிடுவதே தண்டனை என்று நாய்க்குப் பதிந்துவிடும். விளையாட்டின் நடுவிலேயே பலமுறை கூப்பிட்டு, துண்டைக் கொடுத்து, திரும்பவும் விளையாட அனுப்புங்கள். எவ்வளவு தாமதமாக வந்தாலும், வந்த நாயை அதட்டாதீர்கள். பக்கத்தில் இன்னொரு நாய் நிற்கும்போதும் தவறாமல் திரும்பி வருகிறதா? அப்போது கொக்கியைக் கழற்றலாம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம் என்பவர்கள் பெரிய நாய் வாங்கக் கூடாது. யோசனை கேட்டு வருகிறவர்களிடம் இதை முகத்துக்கு நேராகவே சொல்கிறேன். சிலருக்கு வருத்தம். பரவாயில்லை.

"ஒண்ணும் பண்ணாது"

அந்தத் தம்பி சொன்ன அதே வார்த்தையை எல்லோரும் சொல்கிறார்கள். உங்கள் லாப் தங்கமான நாயாகவே இருக்கட்டும். லீஷில் நிற்கும் ஒரு பொமரேனியன் மேல் அது பாசத்தோடு பாய்ந்தாலே போதும், அதன் முதுகெலும்பு தாங்காது. சின்ன நாய் கீச்சென்று கத்தி ஓடினால் ஆட்டுக்கு நடந்தது அதற்கும் நடக்கும். ஹைதராபாத் கொண்டாபூரில் 2018-ல் மாநகராட்சி திறந்த நாய்ப் பூங்காவில் பெரிய நாய்க்கும் சின்ன நாய்க்கும் தனித்தனி இடம் ஒதுக்கியதன் காரணம் இதுதான். வேலி இல்லாத ஆற்றங்கரையில் அந்த வேலியாக நீங்கள்தான் நிற்க வேண்டும்.

மனிதர்கள் விஷயத்தில் இன்னும் கவனம். 2024 மே மாதம் சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறிய செய்தியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாயை அலட்சியமாக விட்டு ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் லீஷைக் கழற்றவே கூடாது. எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும் சரி.

விளையாட்டா, சண்டைக்கு முன்னோட்டமா என்று நாயின் உடம்பே காட்டும். முன்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நின்றால் விளையாட்டு. துரத்துவதும் துரத்தப்படுவதும் மாறி மாறி நடக்கும். உடம்பு விறைத்து, வாய் மூடி, வால் உயர்ந்து ஆடாமல் நின்று, கண்கொட்டாமல் முறைத்தால் உடனே கூப்பிட்டு விலக்குங்கள். உறுமல் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

வெயில்

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். உடம்பு பெரிதாக இருந்தால் சூடு இறங்கவும் நேரமாகும். அதன் சாதாரண உடல் வெப்பமே 38, 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பங்குனி பிறந்துவிட்டால் காலை ஏழுக்குள் வீடு திரும்பிவிடுங்கள். கத்திரியில் ஓடவே விட வேண்டாம், நடை போதும். தார்ச் சாலையில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுங்கள். வைத்திருக்க முடியவில்லை என்றால் பாதமும் தாங்காது.

நாக்கு அகன்று தொங்குவது, எச்சில் கெட்டியாவது, ஈறு செக்கச் சிவப்பது, தள்ளாடுவது ஆகியவை அபாய அறிகுறிகள். அங்கேயே வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

சோறு போட்டுவிட்டுக் கிளம்புவது

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு வயிற்றில் காற்று நிரம்பி இரைப்பை அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு மத்தளம்போல உப்பும். வாந்தி எடுக்க முயலும், எதுவும் வராது. ஓரிடத்தில் நிற்காமல் தவிக்கும். இதில் சில மணி நேரம்தான் கையில் இருக்கிறது. காலையில் பார்த்ததை மாலை வரை தள்ளிப் போட்டால் நாயைப் பறிகொடுப்பீர்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது போகாமல் ஓடவிடாதீர்கள். ஓடிவிட்டு வந்ததும் மூச்சு அடங்கி ஒரு மணி நேரம் கழித்துச் சோறு வையுங்கள்.

குட்டியை ஓட வைப்பது

பெரிய இன நாய்க்கு எலும்பு முனைகள் கெட்டிப்பட 12 முதல் 18 மாதம் ஆகும். அதுவரை பைக் பின்னால் ஓட வைப்பதும், சுவர் தாண்டப் பழக்குவதும் மூட்டைக் கெடுக்கும். குட்டி தானாக ஓடி, தானாக உட்காரட்டும். முதல் ஊசி போட்டாயிற்று என்று எட்டு வாரக் குட்டியை மைதானத்துக்குத் தூக்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். குட்டிகளின் உயிரைக் குடிக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசி வரிசை முழுவதும் முடியட்டும்.

பந்து, பிஸ்கட்

வேறு நாய்கள் இருந்தால் வெளியே எடுக்காதீர்கள்.

பருவத்துக்கு வந்த பெட்டை

மூன்று வாரம் வீட்டிலேயே இருக்கட்டும்.

முள் பட்டை, சோக் செயின்

கழற்றிவிட்டு விளையாட விடுங்கள். இன்னொரு நாயின் பல் அதில் மாட்டினால் இரண்டுக்கும் உயிர்ப் போராட்டம்.

உண்ணி

வீடு திரும்பியதும் காது மடல், விரலிடுக்கு, தொடையிடுக்கு மூன்றையும் தடவிப் பாருங்கள். சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், உண்ணிக் காய்ச்சலா என்று ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

சண்டைக்குள் கையை விடுவது

இரண்டு பெரிய நாய்கள் கவ்விக்கொண்டால் எல்லோருடைய கையும் கழுத்துப் பட்டைக்குத்தான் போகும். கடிபடுவதும் அந்தக் கைதான். அந்த நேரத்தில் நாய்க்கு உங்கள் கையும் ஒன்று, எதிரியின் காதும் ஒன்று. ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வீசிப் பாருங்கள். பிரியவில்லை என்றால் ஆளுக்கொரு நாயாக, ஒரே நேரத்தில், பின்கால் இரண்டையும் தூக்கிப் பின்னோக்கி இழுங்கள். ஒருவர் மட்டும் இழுத்தால் அடுத்தது பாய்ந்துவிடும்.

கடிபட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், காபித்தூள் எதையும் அப்பாதீர்கள். தெரிந்தவர் வீட்டு நாய், ஊசி போட்ட நாய் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி இலவசம். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்தபின் பிழைக்க வைக்க வழி கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த தேதிகளில் ஒன்றைக்கூட விடாதீர்கள். தெருநாய் உங்கள் நாயைக் கடித்திருந்தால், வருஷா வருஷம் ஊசி போட்டிருந்தாலும், அதற்கும் உடனே இன்னொரு ஊசி போட வேண்டும்.