சட்டமன்ற உறுப்பினருக்கு ஐந்தொகை எடுப்பது எப்படி?

பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்று வாழ்ந்த காலத்தில், செட்டிநாட்டுக் கடைகளுக்கு மேலாளாக, அதாவது முதலாளிக்காகக் கடையை நடத்தும் முகவராகப் போனவர் மூன்றாண்டுத் தவணை முடிந்து ஊர் திரும்பியதும் முதலாளியிடம் கணக்கு ஒப்படைத்தாக வேண்டும். அவர் எவ்வளவு இனிமையாகப் பேசுவார் என்பதற்குப் பேரேட்டில் பத்தி கிடையாது. ஐந்தாண்டுத் தவணைக்கு நாம் சென்னைக்கு அனுப்பும் சட்டமன்ற உறுப்பினரிடம் மட்டும் அப்படிக் கணக்குக் கேட்கும் பழக்கம் நம்மிடம் வளரவில்லை. "கல்யாணத்துக்கு வந்தார், கேதத்துக்கும் வந்தார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டும் சில வாரப் பொறுமையும் இருந்தால் அந்தக் கணக்கை, வரவையும் பற்றையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும் ஐந்தொகையை, யாரும் எழுதிப் பார்க்கலாம்.

முதலில் உங்கள் ஊர் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்பதை வாக்காளர் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். செட்டிநாடு ஒரே தொகுதி அன்று. சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடி, திருப்பத்தூர் தொகுதிகளிலும், புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயம் தொகுதியிலும் பெரும்பாலும் பரவிக் கிடக்கிறது. வட்டத்தின் எல்லையும் தொகுதியின் எல்லையும் ஒன்றல்ல என்பதால், காரைக்குடி வட்டத்தில் இருக்கும் ஊர் காரைக்குடித் தொகுதியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திருப்பத்தூர் என்ற பெயரில் வடக்கே வேலூர்ப் பக்கமும் ஒரு தொகுதி இருப்பதால், இணையத்தில் தேடும்போது மாவட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தேடாவிட்டால் வேறொருவருடைய சொத்துக் கணக்கைப் படித்துவிட்டுக் கோபப்பட நேரும்.

அடுத்தது, யாருடைய வேலையை யார் பெயரில் எழுதுவது என்பது. பெரும்பாலான கணக்குகள் இந்த இடத்தில்தான் தவறிப் போகின்றன. தெருவிளக்கு எரியாததும் குப்பை அள்ளாததும் மாநகராட்சி, பேரூராட்சி, ஊராட்சியின் பற்றில் வர வேண்டியவை. ரயில் நிறுத்தமும், காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் ஒன்றிய அரசின் பொறுப்பில் இருப்பவை. அழகப்பா பல்கலைக்கழகமோ 1985இல் மாநில அரசு உருவாக்கியது, ஆகவே அதைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேட்கலாம். கண்மாயை எடுத்துக்கொள்வோம். நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு, மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையின் பராமரிப்பில் வரும். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தைச் சேரும். உங்கள் ஊர்க் கண்மாயின் மடை உடைந்து கிடக்கிறது என்றால், அது எந்த வகை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். நீர்வளத் துறைக் கண்மாய் என்றால், உறுப்பினர் அந்தத் துறையின் மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறைக்கான நிதியை அவை விவாதிக்கும்போது, பேசினாரா என்று தேட வேண்டும். ஊராட்சி ஒன்றியக் கண்மாய் என்றால், அந்த ஊராட்சி ஒன்றியத்தை விட்டுவிட்டு அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

வரவு வைப்பதிலும் இதே நிதானம் தேவை. காரைக்குடி 2024இல் மாநகராட்சியானது. அதே ஆண்டில் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை ஆகியவையும் ஆயின. நான்கு ஊர்களுக்கும் சேர்த்து அரசு எடுத்த ஒரு முடிவை ஒரே உறுப்பினரின் சாதனை என்று எழுதுவதற்கு முன்னால், அவர் அதை அவையில் கேட்டிருக்கிறாரா, எந்தத் தேதியில் கேட்டார் என்று பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பதற்குரிய இடம் பேரவை நடவடிக்கைக் குறிப்புகள். அவை அச்சில் வருகின்றன. பழைய குறிப்புப் புத்தகங்கள் பலவும் மின்னணு வடிவில் ஏற்றப்பட்டிருக்கின்றன. கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையிலும் வருகிறது. உறுப்பினரின் பெயரைத் தேடி நான்கு வகைகளைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: அவர் கேட்ட வினாக்களும் துணை வினாக்களும், பேரவை விதி 55இன் கீழ் அவசரப் பிரச்சினைகளுக்காகக் கொண்டுவந்த கவன ஈர்ப்புகள், மானியக் கோரிக்கைகளின் மீது ஆற்றிய உரைகள், பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, அரசு உறுதிமொழிக் குழு போன்றவற்றில் வகித்த இடம். எண்ணிக்கையைக் கூட்டி மதிப்பெண் போடும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஊரின் பெயரையும் சாலையின் பெயரையும் சொல்லிக் கேட்ட ஒரு துணை வினா, தலைவர்களை வாழ்த்துவதிலேயே பாதி நேரம் போன பத்து உரைகளைவிடப் பெறுமதியானது. அமைச்சர் அளித்த பதிலையும் வரிக்கு வரி குறித்துக்கொள்ளுங்கள். "நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்" என்ற பதிலும் "இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளப்படும்" என்ற பதிலும் ஒன்றல்ல. விதி 110இன் கீழ் வரும் அறிவிப்புகள் விவாதம் இல்லாமல் வாசிக்கப்படுபவை என்பதால், அவற்றில் உங்கள் ஊரின் பெயர் வந்தது என்பதற்காக மட்டும் உறுப்பினருக்கு வரவு எழுத முடியாது.

அமைச்சரானவர் வினா எழுப்புவதில்லை, விடை சொல்வார். 2021 தேர்தலில் திருப்பத்தூரிலும் திருமயத்திலும் வென்றவர்கள் அமைச்சரானார்கள்; காரைக்குடியில் வென்றவர் ஆகவில்லை. அந்தக் காலத்துக்கு இந்த மூவரையும் வினாக்களின் எண்ணிக்கையால் ஒப்பிட்டால் முதல் இருவரின் பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். அமைச்சருக்கு அவருடைய துறை ஆண்டுதோறும் அவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பே பேரேடு.

இனி தொகுதி மேம்பாட்டு நிதி. ஆண்டுக்கு ரூ.3 கோடி, உறுப்பினர் பணிகளைப் பரிந்துரைக்கிறார், மாவட்ட ஆட்சியர் நிர்வாக ஒப்புதல் தருகிறார், ஊராட்சி ஒன்றியமோ நகராட்சியோ வேறு துறையோ வேலையைச் செய்கிறது. நிழற்குடை, நாடக மேடை, பள்ளியின் சுற்றுச்சுவர் போன்றவற்றின் நெற்றியில் உறுப்பினரின் பெயர் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் நிதி ஆண்டும் மதிப்பீட்டுத் தொகையும் இருக்கும். அந்தச் சிறிய எழுத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு அடிக்கும்போது முதலில் மறைவதும் அதுதான்.

முழுப் பட்டியலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பிக்கலாம். முதன்முறை நான் "எங்கள் உறுப்பினர் தொகுதிக்கு என்ன செய்தார்?" என்று எழுதி, அதையும் தொடர்பில்லாத ஓர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன், ஒரு மாதம் கழித்து "கோரப்பட்ட தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை" என்று ஒற்றை வரி வந்தது. தவறு என்னுடையதுதான், ஏனென்றால் சட்டம் ஆவணத்தைத்தான் தரும், அபிப்பிராயத்தைத் தராது. இரண்டாம் முறை இப்படி எழுதினேன்: "குறிப்பிட்ட தொகுதியில், குறிப்பிட்ட நிதி ஆண்டில், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் பரிந்துரைக்கப்பட்ட பணிகள், நிர்வாக ஒப்புதல் நாள், மதிப்பீடு, செலவு, முடிந்த நாள் ஆகியவை அடங்கிய பட்டியலின் நகல்." 30 நாளுக்குள் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்; அதற்குக் கட்டணம் இல்லை. பட்டியல் கையில் வந்ததும் பணிகளை ஊர்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் தொடர்ந்து பணம் போகிறது, எந்தக் கிராமம் ஐந்தாண்டிலும் ஒருமுறைகூட வரவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

உறுப்பினருடைய முன்னுரிமை எது என்பதை அறிய இன்னும் நேரான வழி ஒன்று உண்டு. 2022 ஆகஸ்டில், அப்போதைய 234 உறுப்பினர்களும் தத்தம் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் தர வேண்டும் என்று முதலமைச்சர் கேட்டுக்கொண்டார். அந்தப் பத்தில் எவை இடம்பெற்றன, ஒவ்வொன்றும் இன்று எந்தப் படியில் நிற்கிறது என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம். அறிவிப்பு, அரசாணை, நிர்வாக ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி நிறைவு என்று ஐந்து படிகளை எழுதி, தேதி கிடைத்த படிக்கு மட்டும் எதிரே குறியுங்கள். அடிக்கல் நாட்டு விழா இந்த ஐந்தில் எதுவும் அன்று. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தக் கால்வாய்த் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் நம் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டால், கல்லுக்கும் தண்ணீருக்கும் இடையிலுள்ள தூரத்தை விவரமாகச் சொல்வார்கள்.

சொத்து, கடன், வழக்கு விவரங்களுக்கு வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் போதும். அது தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கிறது. இரண்டு முறை நின்றவர் என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சொத்து கூடியிருப்பது மட்டுமே குற்றம் ஆகாது. நம் பக்கத்தில் பங்காளிகளோடு பாகம் பிரித்ததாலும் பூர்வீக வீட்டின் மதிப்பு ஏறியதாலும் தொகை மாறியிருக்கலாம்.

கணக்கு முடிந்ததும் அதன் ஒரு படியை, வலப்பக்கம் ஒரு பத்தியை வெறுமையாக விட்டு, உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் தரும் விளக்கத்தை அந்தப் பத்தியில் அவர் சொற்களிலேயே எழுதுங்கள். பதில் வராவிட்டால், கொடுத்த தேதியை மட்டும் குறித்து வையுங்கள்.