அம்பாசிடரா, எர்டிகாவா: கடலோரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செகண்ட் ஹேண்டில் கார் வாங்க, பழைய அம்பாசிடரையும் ஏழு பேர் போகிற எர்டிகாவையும் ஒப்பிடும்போது ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், கீழக்கரைப் பக்கம் அடிக்கடி காதில் விழுவது, "அந்தக் காலத்துத் தகரம் கெட்டி, துருவெல்லாம் பிடிக்காது" என்பது. முதல் தவறு இதுதான். தகரம் கெட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைய கார்களில் பல பாகங்களுக்கு இருக்கும் துத்தநாகப் பூச்சு அதற்கு இருக்காது. உப்புக்காற்றில் ஓட்டை விழக் கொஞ்சம் கூடுதல் காலம் ஆகும், அவ்வளவே.

அதனால் பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி அப்பியிருக்கிறார்கள். மிதியடியைத் தூக்கித் தரைத் தகரத்தைத் தட்டிப் பாருங்கள். பின்னால் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் இடம் இற்றுப்போயிருந்தால், விலை எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் வேண்டாம்.

எர்டிகாவுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பது அடுத்த தவறு. முன்பக்க ஏசி கண்டன்சர் அலுமினியம். உப்பு அரித்துப் பொடி ஓட்டை விழுந்தால் கேஸ் இறங்கிவிடும். வயரிங் கனெக்டர்களில் பச்சை பூக்கும். ராமேஸ்வரம் சவாரிக்கு ஓடிய வண்டியென்றால் கார்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு ஈரத்துணியோடு ஏறியவர்கள் விட்ட கடல் தண்ணீர் அங்கேதான் போயிருக்கும். உள்ளே ஊதுபத்தி வாசனை தூக்கலாக இருந்தால், ஈர நாற்றத்தை மறைக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அப்புறம், உப்புக்கரிக்கும் போர் தண்ணீரில் வண்டி கழுவுவது. தனுஷ்கோடி போய்வந்த உப்பைக் கழுவ இன்னொரு உப்புத்தண்ணீரா? நல்ல தண்ணீர் இரண்டு குடம் போதும், ஆனால் அடிப்பக்கம் நனைய வேண்டும்.

சீட்டை எண்ணுகிறவர்கள் டிக்கியை மறந்துவிடுகிறார்கள். ஏழு பேரும் உட்கார்ந்தால் எர்டிகாவில் மிஞ்சுவது 209 லிட்டர் இடம். குடும்பமே தீர்த்தயாத்திரை கிளம்பினால் பைகள் மடியில்தான். அம்பாசிடர் டிக்கி தாராளம். ஆனால் பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஏர்பேக் கிடையாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் மதுரை ரோட்டில் போகிறவருக்கு நான் எர்டிகாவைத்தான் சொல்வேன்.

கடைசியாக ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று. பழசாகத் தெரிகிற எல்லாமே 'வின்டேஜ்' இல்லை. 2021 விதிப்படி 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் அந்தப் பதிவு. அப்படிப் பதிந்தால் அன்றாடம் ரோட்டில் ஓட்டவும் முடியாது, வாடகைக்கும் விட முடியாது. 1990களின் அம்பாசிடர் சாதாரண கார்தான். 15 வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்த்து ஆர்.சி.யை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.