ஊட்டிப் பனியில் கோழிக்கொட்டகை: எதை அடைப்பது, எதைத் திறந்து விடுவது?

டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் விடிகாலைப் புல்வெளி வெள்ளை பூத்துக் கிடக்கும். அதைப் பார்த்ததும் பலர் கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாயைக் கூரைவரை இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பம். வளர்ந்த கோழியின் உடல்சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். இறகு உலர்ந்திருந்தால் உறைபனியையும் சமாளிக்கும். ஈரத்தையும் உடல்மேல் நேராக அடிக்கும் காற்றையும்தான் தாங்காது.

1. அடைப்பு

காற்று வரும் மூன்று பக்கமும் தரையிலிருந்து தார்ப்பாயோ சாக்கோ கட்டுங்கள். கட்டையில் உட்கார்ந்த கோழியின் தலைக்கு மேல் ஒரு அடி உயரம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். கூரையை ஒட்டி ஒரு அடிக்கு வெறும் கம்பிவலை இருக்கட்டும். கோழி விடும் மூச்சிலும் எச்சத்திலும் உள்ள ஈரம் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதையும் மூடினால் ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டு, விடியும்போது கோழி முதுகிலேயே சொட்டும். கொண்டை நுனி கறுப்பதற்கும் இந்த ஈரம் துணைபோகும். காலையில் தகரத்தின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கை நனைந்தால் இன்னும் அரை அடி திறந்துவிடுங்கள்.

புதிதாகக் கட்டுபவர்கள் பள்ளத்தைத் தவிர்க்கவும். குளிர்காற்று கனமானது, சரிவில் இறங்கி அங்கேதான் தேங்கும்.

2. அடையும் கட்டை

இரும்புக் குழாய் வேண்டாம். 3 அங்குல அகலமுள்ள மரச்சட்டத்தைத் தட்டையாக வையுங்கள். கோழி உட்காரும்போது விரல்கள் இறகுக்குள் மறைய வேண்டும். ஒரு கோழிக்கு 20 முதல் 25 செ.மீ. இடம்.

3. கூளம்

உமியோ மரச்சீவலோ 6 அங்குலம் பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழியுங்கள்: உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். பிறகு கோழி உயரத்துக்குக் குந்தி மூச்சை இழுத்துப் பாருங்கள், நின்றபடி பார்த்தால் தெரியாது. கண் கரித்தால் ஈரமான பகுதியை அள்ளிவிட்டுப் புது உமி போடுங்கள். நெடி ஏறிய கூளத்தில் சுண்ணாம்பு தூவினால் நெடி கூடத்தான் செய்யும்.

4. தீனி, தண்ணீர்

வழக்கமான தீனியோடு, அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கோழிக்கு 15 கிராம் உடைத்த மக்காச்சோளமோ கம்போ கொடுங்கள். இரவெல்லாம் செரித்துச் சூடு தரும். தண்ணீர்ச் சட்டியை இரவில் கவிழ்த்துவிட்டு, காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள்.

5. நெருப்பு

கொட்டகைக்குள் கரிச்சட்டி வைக்கவே வேண்டாம். அதன் புகையில்லாத நச்சுக்காற்றே கோழியைக் கொன்றுவிடும். கூளம் பற்றிக்கொள்ளும் ஆபத்து வேறு.

குஞ்சுகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. தனி அடைப்பில், முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்து வாருங்கள். பழைய குண்டு பல்புதான் வேண்டும், எல்இடி வெளிச்சம் தரும், சூடு தராது. குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பல்பை இறக்குங்கள். ஓரத்தில் ஒதுங்கி வாயைப் பிளந்தால் ஏற்றுங்கள். கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான் இனக் குஞ்சுகளுக்கு இறகு குறைவு, அவற்றை மற்றவற்றைவிட ஒரு வாரம் கூடுதலாகவே பல்புக்கடியில் வைத்திருங்கள்.