ஜாங்கோ ஓஆர்எம்: குவெரியிலிருந்து ட்ரான்சாக்‌ஷன் வரை

ஓஆர்எம் என்பது டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லை நேரடியாக எழுதாமல், பைத்தான் கோடு வழியாகவே டேட்டாபேஸோடு பேச, பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோ தரும் வசதி. ஜாங்கோ ப்ராஜெக்ட் தயாராக இருக்கிறது, மைக்ரேஷனும் (மாடல்களுக்கேற்ப டேபிள்களை உருவாக்கும் படி) ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். மாடல்கள் (டேபிளுக்கு ஒன்றாக எழுதும் பைத்தான் கிளாஸ்கள்) மூன்று: நூல், உறுப்பினர், இரவல். நூலில் கையிருப்பு என்று ஒரு எண். ஒரே உறுப்பினர் ஒரே நூலை இரண்டு தடவை எடுத்துவிடாதபடி இரவலில் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் இருக்கிறது.

டேட்டாபேஸுக்குப் போஸ்ட்கிரெஸ் போடுங்கள். எஸ்க்யூஎல்லைட் பழகுவதற்கு நல்லதுதான். ஆனால் டேபிளின் ஒரு வரிசையை (ரோ) பிறர் மாற்றாதபடி பூட்டும் 'செலக்ட் ஃபார் அப்டேட்' அதில் எந்த வேலையும் செய்யாது, பிழையும் காட்டாது. பூட்டியாயிற்று என்று நம்பிக்கொண்டிருப்போம்.

1. குவெரி

'ஃபில்டர்' எழுதிய உடனே டேட்டாபேஸுக்கு எதுவும் போவதில்லை. அது தரும் குவெரிசெட்டை லூப்பில் ஓட்டும்போதோ லிஸ்ட்டாக மாற்றும்போதோதான் எஸ்க்யூஎல் கிளம்பும். 100 இரவல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் நூலின் தலைப்பைக் காட்டினால் மொத்தம் 101 குவெரி (இரவல்களுக்கு ஒன்று, நூல்களுக்கு 100). 'செலக்ட் ரிலேட்டட்' சேர்த்தால் ஜாயின் போட்டு (இரண்டு டேபிள்களையும் இணைத்து) ஒன்றிலேயே முடிந்துவிடும். மெனி-டு-மெனி உறவு என்றால் 'ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்'. புது ப்ராஜெக்ட் எதுவானாலும் நான் முதலில் நிறுவுவது ஜாங்கோ டீபக் டூல்பார்தான். எத்தனை குவெரி ஓடியது என்று கண்ணால் பார்க்காமல் ஓஆர்எம் பழக முடியாது.

2. கையிருப்பைக் குறைப்பது

நூலை எடுத்து, பைத்தானில் ஒன்றைக் கழித்து, 'சேவ்' செய்யாதீர்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் இருவருக்கும் கையிருப்பு 1 என்றே தெரியும், இருவருக்கும் நூல் கொடுத்துவிடுவோம். கையிருப்பு 0-க்கு மேல் இருக்க வேண்டும் என்று ஃபில்டர் போட்டு, 'எஃப்' எக்ஸ்பிரஷனோடு (டேட்டாபேஸிலேயே ஒன்றைக் கழிக்கச் சொல்வது) 'அப்டேட்' செய்யுங்கள். எத்தனை வரிசை பொருந்தியது என்று அது திருப்பித் தரும். 0 வந்தால் நூல் இல்லை என்று பொருள். இவ்வளவு எளிய கணக்குக்குப் பூட்டு தேவையே இல்லை என்பது என் கட்சி.

3. அட்டாமிக்

இயல்பில் ஜாங்கோ ஆட்டோகமிட்டில் ஓடும். ஒவ்வொரு குவெரியும் அப்போதே கமிட் ஆகிவிடும், அதாவது நிரந்தரமாகப் பதிந்துவிடும். கையிருப்பு குறைந்தபின் இரவலைப் பதிவதில் பிழை வந்தால், ஒரு பிரதி கணக்கில் காணாமல் போகும். அதனால் இரண்டையும் ஓர் அட்டாமிக் பிளாக்குக்குள் வைக்கிறோம். உள்ளிருப்பவை எல்லாம் சேர்ந்து நடக்கும், இல்லையென்றால் எதுவுமே நடக்காது. இதுதான் ட்ரான்சாக்‌ஷன்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். உறுப்பினர் அதே நூலை மறுபடி கேட்டால் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் மீறப்பட்டு இன்டெக்ரிட்டி எரர் வரும். அதைப் பிடிக்கும் ட்ரை-எக்ஸெப்டை அட்டாமிக்குக்கு உள்ளே எழுதத்தான் கை போகும். உள்ளே பிடித்துவிட்டால், பிளாக் முடியும்வரை ரோல்பேக் (செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவது) நடக்காது. போஸ்ட்கிரெஸோ அந்த ட்ரான்சாக்‌ஷனையே கைவிட்டிருக்கும். அடுத்து வரும் குவெரி, எழுதுவதாக இருந்தாலும் சரி, வெறுமனே படிப்பதாக இருந்தாலும் சரி, ட்ரான்சாக்‌ஷன் மேனேஜ்மென்ட் எரரில் போய் முட்டும். பிழைச்செய்தி காட்டும் வரியில் ஒரு குற்றமும் இருக்காது. அங்கேயே தேடிக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது.

வரிகளின் வரிசை இப்படி இருக்கட்டும்:

ட்ரை
→ அட்டாமிக்
→ → கையிருப்பை அப்டேட் செய்
→ → இரவலை க்ரியேட் செய்
எக்ஸெப்ட் இன்டெக்ரிட்டி எரர்
→ "ஏற்கெனவே எடுத்திருக்கிறீர்கள்"

பிழை அட்டாமிக்கைத் தாண்டி வெளியே வரும்போதுதான் ரோல்பேக் நடக்கிறது. கையிருப்பு பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். பிளாக் நடுவில் ஒரே ஒரு குவெரி மட்டும் தோற்கலாம், மற்றவை நடக்க வேண்டும் என்றால், அதை மட்டும் உள்ளே இன்னொரு அட்டாமிக்கில் சுற்றுங்கள். அது சேவ்பாயின்ட்டாக (தோற்றால் அந்த இடம் வரை மட்டும் திரும்பும் குறி) வேலை செய்யும்.

இன்னொன்று: ரோல்பேக் டேட்டாபேஸுக்குத்தான். மெமரியில் இருக்கும் பைத்தான் ஆப்ஜெக்ட்டில் நீங்கள் மாற்றிய மதிப்பு அப்படியே நிற்கும். தொடர்ந்து பயன்படுத்துவதானால் 'ரிஃப்ரெஷ் ஃப்ரம் டிபி' போடுங்கள்.

4. மின்னஞ்சல்

"நூல் பதிவாயிற்று" என்ற மின்னஞ்சலை அட்டாமிக்குக்குள் அனுப்பாதீர்கள். பிறகு ரோல்பேக் ஆனாலும் போன அஞ்சல் போனதுதான். 'ஆன் கமிட்'டில் ஒப்படைத்தால் கமிட் ஆனபின்பே ஓடும்.

பின்சேர்க்கை: டெஸ்ட்டில் 'ஆன் கமிட்' ஓடவே இல்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். டெஸ்ட்கேஸ் ஒவ்வொரு சோதனையையும் ஒரு ட்ரான்சாக்‌ஷனில் வைத்துக் கடைசியில் ரோல்பேக் செய்துவிடுகிறது, கமிட்டே நடப்பதில்லை. ஜாங்கோ 3.2 முதல் டெஸ்ட்கேஸிலேயே 'கேப்சர் ஆன் கமிட் கால்பேக்ஸ்' இருக்கிறது. அதில் 'எக்ஸிக்யூட்' என்பதை ட்ரூ என்று கொடுத்தால் ஓடும்.