‘ஓகோ’ என்றால் பாராட்டு இல்லை: கால்பந்துக் களத்து ஸ்பானியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா அறுவடை முடிந்து, உளுந்தோ பயறோ தெளிக்காமல் விட்ட வயல் ஒன்று கிடைத்தால் போதும். மேட்டூரில் தண்ணீர் திறக்கும் ஜூன் மாதம் வரை மன்னார்குடிப் பக்கத்துப் பையன்களுக்கு அதுதான் கால்பந்து மைதானம். அங்கே ஆடிப் பழகியவர்களில் சிலர் பிறகு சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போகிறார்கள். வார விடுமுறையில் ஆடப் போனால் ஒரு பக்கம் கொலம்பியாக்காரர் நிற்பார், மறுபக்கம் ஸ்பெயின்காரர் நிற்பார். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு 2018-19இல் இந்தியக் கால்பந்துத் தொடரான ஐ-லீக்கின் கோப்பையை வென்ற சென்னை சிட்டி அணியில், பெத்ரோ மான்சி முதலிய ஸ்பானிய மொழி வீரர்கள் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களோடு சேர்ந்துதான் ஆடினார்கள். ஆகவே நாலு சொல் தெரிந்துகொள்வது வீண் போகாது. கற்கிற விதத்தில்தான் கோளாறு.

பெரிய கோளாறு, முழு வாக்கியமாகக் கற்பது. ‘தயவுசெய்து பந்தை எனக்குத் தர முடியுமா?’ என்று கைபேசிச் செயலி சொல்லித் தருகிறது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பந்து வாய்க்காலில் மிதக்கும். களத்தில் ஒற்றைச் சொல்தான் செல்லும். ‘பாஸலா’ என்றால் பந்தைத் தட்டிவிடு. ‘தாமேலா’ என்றால் எனக்குத் தா; நம்முடைய ‘தா’வைப் போன்ற ஒலியே முன்னால் நிற்பதால் மறக்காது. ‘மீயா’ என்னுடையது, ‘தூயா’ உன்னுடையது. ‘ஸோலோ’ என்றால் உன் அருகில் எதிரணி ஆள் இல்லை, நிதானமாக ஆடலாம். ‘காம்பியா’ ஆட்டத்தை மறுபக்கம் மாற்றச் சொல்வது. ‘ஸூபே’ மேலே ஏறு, ‘பாஹா’ கீழே இறங்கு. இந்த எட்டையும் உரக்கவும் உரிய நேரத்திலும் சொல்கிறவன், இலக்கணம் முழுவதும் படித்தவனைவிட அணிக்குப் பயன்படுவான்.

அடுத்தது, நம் கூச்சலை அப்படியே பெயர்ப்பது. பின்னால் எதிரணிக்காரர் வந்தால் நாம் ‘ஆள்!’ என்று கத்துகிறோம். அகராதியில் பார்த்து ‘ஓம்ப்ரே’ என்று கத்தினால் எச்சரிக்கை போய்ச் சேராது. ஸ்பெயினில் அது ‘அடடே’ என்பதுபோல அன்றாடம் வாயில் வரும் வியப்புச் சொல். ‘தே வியேனே’ (உன்னை நோக்கி வருகிறான்) அல்லது ‘எஸ்பால்தா’ (முதுகுப்பக்கம்) என்று சொல்லுங்கள்.

இதே எச்சரிக்கைக்கு இன்னொரு சொல்லும் உண்டு. தமிழன் தடுக்கி விழுவது அதில்தான். ‘ஓகோவென்று ஆடினான்’ என்பது நமக்குப் பாராட்டு. ஸ்பானியக்காரர் ‘ஓஹோ!’ என்று கத்தினால் பொருள் ‘கண்’. அதாவது, கவனமாக இரு. நடுவில் வரும் ஒலி தொண்டையை உரசும் ஹகரம். ஓடுகிற ஓட்டத்தில் நம் ‘ஓகோ’ போலவே காதில் விழும். பாராட்டுகிறார்கள் என்று பூரித்து நிற்கிறவனின் காலிலிருந்து பந்து பறிபோகும்.

உச்சரிப்பை ஆங்கில எழுத்து வழியாகக் கற்பதும் வேண்டாத சுற்று. அந்த வழியில் போகிறவர்கள் ‘பாஹா’வை ‘பாஜா’ என்கிறார்கள். ‘ஓம்ப்ரே’யின் முன்னால் இல்லாத ஹகரத்தைச் சேர்க்கிறார்கள். ஸ்பானியத் தகரம் நம் தகரத்தைப் போலப் பல்லில் நாக்குப் பட்டுப் பிறப்பது. பகரமும் ககரமும் நம்முடையவை போலவே மூச்சு வெடிக்காதவை. காதால் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்வதே நல்லது. ஒரு சிக்கல், நமக்குப் பகரமும் தகரமும் ஒவ்வொன்றுதான். ‘தூயா’வில் வருவது ‘தந்தை’ என்பதன் முதல் தகரம், ‘தாமேலா’வில் வருவது இரண்டாவது. ‘பாஸலா’வில் வருவது ‘பம்பரம்’ என்பதன் முதல் பகரம். ‘பாஹா’வில் வருவது இரண்டாவது. எல்லோரும் ‘வாமோஸ்’ என்று எழுதும் சொல்லுக்கும் அந்த இரண்டாவது பகரம்தான் சரி.

ஸ்பானியம் சுமார் 20 நாடுகளின் ஆட்சிமொழி. ஊருக்கு ஊர் மாறும். ‘பாஸலா’வை அர்ஜென்டினாக்காரர் ‘பஸாலா’ என்று இடம் மாற்றி அழுத்துவார், இரண்டும் சரி. கோல் காப்பாளர் ஸ்பெயினில் ‘போர்த்தேரோ’, அர்ஜென்டினாவில் ‘அர்கேரோ’. பயிற்சியாளரை ஸ்பெயினில் ‘மிஸ்தெர்’ என்றும், லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் ‘புரோஃபே’ என்றும் அழைப்பார்கள். இவற்றை மாற்றிச் சொன்னால் சிரிப்போடு போகும். ‘கோஹெலா’ அப்படியல்ல. ஸ்பெயினில் ‘அதைப் பிடி’ என்று சாதாரணமாகச் சொல்வது, மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் ஆபாசம். எங்கும் பழுதில்லாத சொல் ‘அகார்ராலா’. பிரேசில்காரரிடம் இதில் எதையும் சொல்லிப் பார்க்க வேண்டாம்; அவர் பேசுவது போர்ச்சுகீசியம். பின்னால் ஆள் வந்தால் அவர்கள் ‘திருடன்!’ என்றுதான் கத்துவார்கள். எனக்கு அது ஸ்பானியச் சொற்களைவிடப் பிடித்திருக்கிறது.

பெண்கள் அணியில் ‘ஸோலோ’ என்று கத்தாதீர்கள், ‘ஸோலா’. ‘பதறாதே’ என்பதும் ஆணுக்குத் ‘த்ராங்கீலோ’, பெண்ணுக்குத் ‘த்ராங்கீலா’. 2018லும் 2023லும் தேசியப் பட்டம் வென்ற தமிழ்நாட்டுப் பெண்கள் அணியைப் பார்த்து வளரும் நம் ஊர்ப் பெண்களுக்கு இது தேவைப்படும். வலப்பக்கம் ‘தெரேச்சா’, நேராக என்றால் ‘தெரேச்சோ’; கடைசி எழுத்தை விழுங்கினால் பந்து எங்கோ போகும்.

திருவாரூர் வெயிலில் ஆடிப் பழகியவர்கள் ‘எனக்குச் சூடாக இருக்கிறது’ என்பதை ‘எஸ்தோய் கலியேன்தே’ என்று பெயர்த்துவிடக் கூடாது. அது காம வேட்கையைச் சொல்வது. ‘தேங்கோ கலோர்’ என்க. களைப்பு ‘கன்ஸாதோ’, இடையில் உள்ள மெய்யை விட்டுக் ‘கஸாதோ’ என்றால் திருமணம் ஆனவர்.

நடுவருக்குப் புரியாது என்று ஸ்பானிய வசவைப் பழகுவது மடமை. எந்த மொழியானாலும் இழிசொல்லுக்குச் சிவப்பு அட்டை உண்டு. ‘மீயா’ என்று சொல்வதே தவறு என்ற நம்பிக்கையும் சரியில்லை. தன் அணிக்காரருக்குச் சொன்னால் குற்றமில்லை. எதிரணிக்காரரை ஏமாற்றச் சொன்னால்தான் மஞ்சள் அட்டையும் மறைமுக ஃப்ரீ கிக்கும் (நேராகக் கோலுக்குள் அடித்தால் செல்லாத உதை).

யாராவது விழுந்தால் ‘லெபான்தாதே’ (எழுந்திரு) என்று அவசரப்படுத்தாதீர்கள். ‘எஸ்தாஸ் பியேன்?’ (நன்றாக இருக்கிறாயா?) என்று கேளுங்கள். ‘கலாம்ப்ரே’ என்றால் தசைப்பிடிப்பு. காலை நீட்டிப் பிடித்தால் சரியாகும். ‘மே துவேலே’ என்றால் வலிக்கிறது. எங்கே என்று அவரே காட்டட்டும். தலையிலோ கழுத்திலோ அடி என்றால் ‘நோ தே முவேபாஸ்’ (அசையாதே) என்று சொல்லிவிட்டு, ஆட்டத்தை நிறுத்தும்படி நடுவரைப் பார்த்துக் கையை உயர்த்துங்கள்.