முகத்தை வெளுக்காமல் வெளிச்சம் போடுவது எப்படி

கல்யாண ஆல்பத்துக்கு டச்சிங் (படத்தைத் திருத்தும் வேலை) செய்பவனிடம் குடும்பத்தார் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "முகம் கொஞ்சம் கலரா வரணும்ணா." நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கத்து ஸ்டூடியோக்களுக்கு இந்த வேலையைச் செய்து தருகிறேன். கேட்பவர்களிடம் வாதம் செய்வதில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, நிறத்தை அப்படியே விட்டு வெளிச்சத்தை மட்டும் சரிசெய்து கொடுக்கிறேன். கண்குழியில் விழுந்த நிழலும், தாடைக்கு அடியில் ஏறிய பச்சையும், நெற்றி வியர்வையும் போனாலே அவர்கள் கேட்ட கலர் வந்துவிடுகிறது. மாநிற முகத்தை ரோஸ் பவுடர் பூசியது போல வெளுக்கும் டச்சிங் எனக்குப் பிடிக்காது. போட்டோஷாப்பை வைத்துச் சொல்கிறேன். இலவச மென்பொருளான ஜிம்ப் வைத்திருப்பவர்களும் இதில் பெரும்பகுதியைச் செய்யலாம்.

படத்தைத் திறந்தவுடன் பிரஷ்ஷை எடுக்காதீர்கள். வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கண்மணியில் வெள்ளைப் புள்ளி மேலே இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா, இல்லவே இல்லையா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நம்மூர் வெயிலின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிப்பொழுதில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்து நிற்கும். சித்திரை முகூர்த்தம் முடிந்து மண்டப வாசலில் நிற்க வைத்து எடுத்த படங்களில் எல்லார் கண்ணும் இரண்டு கருப்புக் குழியாக இருப்பது இதனால்தான். கோட்டை முன்னால் புல்வெளியில் உட்கார வைத்து எடுத்திருந்தால், புல்லில் பட்ட வெயில் கீழிருந்து திரும்பித் தாடையிலும் கழுத்திலும் பச்சை ஏற்றியிருக்கும். அமிர்தி, ஏலகிரி மரத்தடிகளில் அதே பச்சை மேலிருந்து வரும். சிவப்புச் சாமியானா என்றால் கேட்கவே வேண்டாம், மொத்தக் கூட்டமும் தக்காளி நிறம்.

முதல் வேலை போட்டோஷாப்போடு வரும் கேமரா ரா பலகையில். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக இருந்தால் நல்லது, ஜேபெக்காக இருந்தாலும் இதே பலகையில் திறக்கலாம். எது வெள்ளை என்று மென்பொருளுக்குக் காட்டும் வொய்ட் பேலன்ஸ் ஐட்ராப்பரை எடுத்துக்கொண்டு எல்லாரும் நேராக மாப்பிள்ளையின் வேட்டிக்குப் போவார்கள். அங்கே போகாதீர்கள். வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டிருப்பார்கள், சலவைத்தூளிலும் துணியைப் பளிச்சென்று காட்டும் பொருள் இருக்கும். அதில் கிளிக் செய்தால் மென்பொருள் அந்த நீலத்தைக் கழிப்பதாக நினைத்துப் படம் முழுவதும் மஞ்சளை ஏற்றிவிடும். ஏற்கெனவே நலங்கு மஞ்சளில் இருக்கும் முகம் அப்புறம் காமாலை முகம்தான். போட்டோகிராபரிடம் சொல்லி, விளக்கு மாறும் இடத்திலெல்லாம் சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து வரச் சொல்லுங்கள். அது இல்லாதபோது நான் எண்களைப் பார்க்கிறேன். போட்டோஷாப்பின் இன்ஃபோ பலகையை சிஎம்ஒய்கேவுக்கு (சயான், மெஜன்டா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு அச்சு மைகளின் அளவு) மாற்றி, கன்னத்தில் வெயில் நேராகப் படாத இடத்தில் கர்சரை வையுங்கள். நம் தோலுக்கு மெஜன்டாவை விட மஞ்சள் சற்றுக் கூட இருக்க வேண்டும். சயான், மெஜன்டாவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருக்கலாம், கருத்த முகத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடினாலும் தப்பில்லை. மெஜன்டா மஞ்சளைத் தாண்டினால் முகம் வெந்தது போலச் சிவக்கும்.

எக்ஸ்போஷரை முகத்துக்காக வையுங்கள், நகைக்காக வைக்காதீர்கள். முகம் சரியாக வந்தபின் ஜரிகையும் நெற்றிச்சுட்டியும் வெளுத்திருந்தால் ஹைலைட்ஸை இறக்கினால் அடங்கும். இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. கலர் மிக்சரில் ஆரஞ்சின் லூமினன்ஸை, அதாவது வெளிச்ச அளவை, ஏற்றினால் தோல் ஒரே இழுப்பில் வெளுக்கும். நிறைய பேர் "கலராக்குவது" இப்படித்தான். ஆனால் தங்கமும் பட்டு ஜரிகையும் அதே ஆரஞ்சு, மஞ்சள் பகுதியில்தான் இருக்கின்றன. பெண் வெளுப்பாள், கூடவே அவள் கழுத்து ஆரமும் பித்தளையாகும். பெண்ணின் அம்மா முதலில் பார்ப்பது ஆரத்தைத்தான்.

இப்போது போட்டோஷாப்புக்குள் வந்து, படத்துக்கு மேலே ஒரு வெற்று லேயர் (கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு) போடுங்கள். ஹீலிங் பிரஷ்ஷை எடுத்து, சாம்பிள் என்ற இடத்தில் 'கரன்ட் அண்ட் பிலோ' வையுங்கள். அசல் படத்தைத் தொடாமல் சுத்தம் செய்ய இது போதும். இந்த பிரஷ் 2002இல் போட்டோஷாப் 7உடன் வந்தது. எடுத்த இடத்தின் தோல் நெளிவைக் கொண்டுவந்து, வைக்கும் இடத்தின் நிறத்தோடும் வெளிச்சத்தோடும் கலந்துவிடும். ஆனால் முடியோரம், புருவம், உதட்டுக் கோடு பக்கம் போனால் பக்கத்து நிறத்தையும் இழுத்து அப்பும். அங்கே மட்டும் க்ளோன் ஸ்டாம்ப்.

எதை எடுப்பது, எதை விடுவது? பத்து நாளில் தானாகப் போய்விடும் எதையும் எடுக்கலாம்: பரு, கொசுக்கடி, சவரக் கீறல், கண்ணீரில் வழிந்த மை. மச்சம், அம்மைத் தழும்பு, மூக்குத்தி, பொட்டு, விபூதிக் கீற்று இவற்றைத் தொடக் கூடாது. கங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று குடியாத்தத்தில் எடுத்த படத்தில் முகத்து மஞ்சளையும் குங்குமத்தையும் கறை என்று துடைத்துக் கொடுத்தால் வாங்குவார்களா? பாஸ்போர்ட், விசா படங்களில் டச்சிங் வேலையே வேண்டாம். வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்ஸுகள் நம் ஊரில் அதிகம். முகத்தை மாற்றிய படத்தால் விண்ணப்பம் திரும்பினால் அலைச்சல் அவர்களுக்கு.

இனி முக்கியமான வேலை, டாட்ஜும் பர்னும், அதாவது வெளிச்சம் ஏற்றுவதும் இருட்டுவதும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு புது லேயர் பொத்தானைக் கிளிக் செய்தால் ஒரு பெட்டி திறக்கும். மோடை சாஃப்ட் லைட் என்று மாற்றி, 50 சதவீதச் சாம்பலால் நிரப்பும் கட்டத்தில் டிக் போடுங்கள். அந்தச் சாம்பல் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் வெள்ளை ஓட்டினால் படம் அங்கே வெளுக்கும், கருப்பு ஓட்டினால் இருளும். மிருதுவான பிரஷ், ஃப்ளோ (ஒரு தடவலில் விழும் நிறத்தின் அளவு) 2 அல்லது 3 சதவீதம். ஒருமுறை தடவினால் மாற்றமே தெரியக் கூடாது. திரும்பத் திரும்பத் தடவித்தான் ஏற்ற வேண்டும்.

திட்டு எங்கே இருக்கிறது என்று கலரில் பார்த்தால் தெரியாது. மேலே ஒரு பிளாக் அண்ட் வொய்ட் அட்ஜஸ்ட்மென்ட் லேயரைத் தற்காலிகமாகப் போடுங்கள், நிறம் ஒதுங்கி வெளிச்சம் மட்டும் நிற்கும். படத்தை 50 சதவீத அளவில் வைத்து வேலை செய்யுங்கள். 200க்குப் போனால் ஒவ்வொரு மயிர்க்காலும் குற்றமாகத் தெரிய ஆரம்பித்து, ஒரு முகத்துக்கே ராத்திரி முடிந்துவிடும்.

உச்சி வெயில் முகத்துக்கு நான் போகும் வரிசை இது. முதலில் கண்குழி, அப்புறம் மூக்கோர மடிப்பு, கீழுதட்டுக்கு அடியில் உள்ள நிழல். மூன்றையும் பாதி மட்டும் ஏற்றுவேன். முழுக்க ஏற்றினால் முகம் தட்டையாகி, தட்டில் கண் வரைந்தது போல் ஆகும். அதன்பின் மூக்குத்தண்டு, கன்ன மேடு, தாடை நுனி இவற்றில் கொஞ்சம் வெள்ளை. நெற்றியின் இரண்டு ஓரங்களிலும் தாடை எலும்பை ஒட்டியும் கொஞ்சம் கருப்பு. கருத்த தோலில் முகத்தின் அமைப்பை மினுக்கம்தான் காட்டுகிறது. கன்ன மேட்டிலும் மூக்கிலும் உள்ள அந்த மினுக்கத்தை எடுத்துவிட்டால் முகம் கரிக்கட்டை. எண்ணெய் வழியும் வெள்ளைத் திட்டை மட்டும் அடக்கி, மினுக்கத்தை வையுங்கள். நிழலை வெளுத்த இடத்தில் சில சமயம் சாம்பல் பூத்தாற்போல் ஆகும். அதற்கு கலர் மோடில் ஒரு வெற்று லேயர் போட்டு, ஆல்ட் அழுத்திப் பக்கத்துக் கன்னத்தின் நிறத்தை எடுத்து, 10 சதவீதத்தில் மெல்லப் பூசினால் தோல் உயிர் பெறும். புல்வெளிப் பச்சைக்கு கர்வ்ஸ் லேயரில் க்ரீன் சேனலை மட்டும் சற்று இறக்கி, லேயரின் மாஸ்க்கை (கருப்பு மறைக்கும், வெள்ளை காட்டும் திரை) கருப்பாக்கி, தாடைக்கு அடியில் மட்டும் வெள்ளை தடவுங்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் இதையே நெகட்டிவில் பென்சிலால் செய்தவர். நெகட்டிவில் கருப்பு ஏறினால் பிரின்டில் அந்த இடம் வெளுக்கும், ஆகவே கண்ணுக்குக் கீழே உள்ள கோடு போகும். இருட்ட வேண்டும் என்றால் பென்சில் உதவாது, பிளேடு முனையால் சுரண்ட வேண்டும். சுரண்டினது சுரண்டினதுதான், கன்ட்ரோல் இசட் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அவர் கை எப்போதும் ஒரு கோடு குறைவாகவே நிற்கும்.

ஃப்ரீக்வென்சி செபரேஷன் பற்றிக் கேட்பார்கள். படத்தை இரண்டு பிரதி எடுத்து, கீழ்ப் பிரதியை மயிர்க்கால் மறையும் வரை காஸியன் ப்ளர் செய்து, மேல் பிரதியில் அப்ளை இமேஜ் கொண்டு கீழதைக் கழிப்பார்கள். 8 பிட் படமென்றால் சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. அப்புறம் மேல் பிரதியின் மோடு லீனியர் லைட். நிறம் கீழே, தோல் நெளிவு மேலே என்று பிரிந்துவிடும். வேகமான வழிதான், ஆல்பத்தில் நூறு முகம் இருந்தால் நானும் போவேன். ஆனால் கை பழகாதவர்கள் கீழ் லேயரை மேலும் மேலும் மழுக்கி, மெழுகு பொம்மையில் துளை குத்தியது போல் ஆக்கிவிடுகிறார்கள். முதலில் சாம்பல் லேயரில் கை பழகுங்கள்.

மேடையில் ஃப்ளாஷ் நேராக அடித்துத் தட்டையான படங்களுக்குப் பக்க வெளிச்சத்தை நாமே போடலாம். இரண்டு கர்வ்ஸ் லேயர். ஒன்றில் நடுப்பகுதியை ஏற்றுங்கள், மற்றதில் இறக்குங்கள். இரண்டு மாஸ்க்கையும் கருப்பாக்கிவிட்டு, முகத்தைவிடப் பெரிய மிருதுவான பிரஷ்ஷால் ஒரு பக்கம் வெளிச்சத்தையும் எதிர்ப்பக்கமும் பின்னணியிலும் இருளையும் தடவுங்கள். மூக்கு நிழல் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் அதற்கு எதிர்ப்பக்கமே விளக்கை வையுங்கள். முகத்துக்குப் போட்ட வெளிச்சம் கழுத்துக்கும் தோள் பட்டுக்கும் போக வேண்டும், பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் போக வேண்டும். பெண்ணை மட்டும் ஏற்றினால் வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியது போல் நிற்பாள். கண்ணில் வெள்ளைப் புள்ளி இருக்கிற பக்கத்துக்கு எதிரே, கருவிழியின் கீழோரத்தில் சிறிது வெளிச்சம் வையுங்கள், பார்வை தெளியும். கண்ணின் வெள்ளையைப் பேப்பர் வெள்ளை ஆக்காதீர்கள்.

இறந்தவர் படம் இந்தத் தொழிலில் தனி வேலை. காரியத்துக்கு முன்னால் பெரிதாக்கித் தர வேண்டும், கையில் இருப்பது பழைய பாஸ்போர்ட் சைஸ் படமோ வாக்காளர் அட்டையோதான். 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் படத்தை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் சுமார் 827க்கு 1063 பிக்சல் கிடைக்கும். 12க்கு 15 அங்குலத்தை 300 டிபிஐயில் பிரின்ட் போட 3600க்கு 4500 வேண்டும். கேமரா ராவில் 2021இல் வந்த சூப்பர் ரெசல்யூஷன் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு மடங்காக்கும், அது நல்ல உதவி. சுவரில் எட்டி நின்று பார்க்கும் படத்துக்கு 150 டிபிஐகூடப் போதும். லேமினேஷன் மினுங்கும் அட்டையை ஸ்கேனரில் வைக்காமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து கேமராவில் எடுப்பேன்.

முகத்தைத் தானே தெளிவாக்கும் ஏஐ கருவிகளை இங்கே நம்பாதீர்கள். மங்கிய இடத்தில் அவை புதிதாகக் கண்ணும் பல்லும் வரைந்து வைக்கும். படம் அழகாக இருக்கும், ஆனால் அது வேறு யாரோ. வீட்டில் உள்ளவர்களுக்கு அந்த முகம் மனப்பாடம், பார்த்த நொடியில் "அப்பா மாதிரி இல்லையே" என்பார்கள். போட்டே ஆக வேண்டுமென்றால், அந்தக் கருவியின் விடையைத் தனி லேயராக 30 சதவீதத்துக்கு மேல் வைக்காமல், கண்ணையும் வாயையும் அசலில் இருந்தே காப்பாற்றுங்கள். கோணல் புருவம், ஒட்டிய கன்னம், விழுந்த பல் எல்லாம் இருக்கட்டும். வேட்டி சட்டை மாற்றச் சொன்னால், ஒட்டும் சட்டையின் மடிப்பு நிழலும் மூக்கின் நிழலும் ஒரே பக்கம் விழுகிறதா என்று பார்த்து ஒட்டுங்கள்.

முடிந்தபின் லேயர்களோடு கூடிய பிஎஸ்டி ஃபைலைத் தனியே சேமித்துவிட்டு, பிரின்ட் போடும் லேபுக்கு எஸ்ஆர்ஜிபி நிற முறையில் ஜேபெக் கொடுங்கள். பிரின்ட் இருட்டாக வருகிறது என்று புகார் சொல்பவர்கள் பெரும்பாலும் மானிட்டரை முழு வெளிச்சத்தில் வைத்திருப்பவர்கள். அதைக் குறைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வேலை செய்யுங்கள். ஆல்பம் முழுவதையும் அனுப்பும் முன் நாலைந்து முகங்களை ஒரே 4க்கு 6 தாளில் அடுக்கி ஒரு பிரின்ட் போட்டுப் பாருங்கள். ஆர்டர் கொடுக்கும்போது 'நோ கரெக்ஷன்' என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் லேப் மெஷின் ஆட்டோவில் போய், நீங்கள் விட்டுவைத்த நிறத்தை அது வெளுத்துக் கொடுத்துவிடும்.